உகரச் சுட்டு

காட்பாடியில் இரண்டாவது மாடி.
சரக்கு ரயில் கடக்கும்போதெல்லாம்
கண்ணாடிக்குள் என் கதிர் நடுங்கும்.
நடுங்கியது கையா கட்டடமா என்று
எண்களுக்குத் தெரியாது.
ரயில் நேரம் பார்த்து
அதற்கென்றே ஒரு வடிகட்டி எழுதினேன்.

நான் கட்டிய அறையில்
அறுபத்து நான்கு பொருள்கள் அந்தரத்தில்.
மஞ்சளாக மாறுவதைச் சுட்டவும்,
சுட்டியபடியே கட்டைவிரலை ஒற்றவும்.
அவ்வளவுதான் வேலை.
ஒற்றும் அந்தக் கணத்தில்தான்
கை ஒரு மயிரிழை பிசகும்.
பத்து மீட்டர் தள்ளி
அந்த மயிரிழை ஒரு முழம்.
எலுமிச்சையில் நின்ற கதிர்
பக்கத்துச் செம்பில் போய் விழும்.
வேண்டும் என்று முடிவெடுப்பதே
வேண்டியதிலிருந்து தள்ளிவிடுகிறது.
(அறிக்கையில் இந்த வரியை
எபனேசர் சார் அடித்துவிட்டார்.)

ஏழாவது ஆள் நாகபூஷணி.
அணைக்கட்டுப் பக்கம்.
விடுதி மெஸ்ஸில் முள்ளுக் கத்தரிக்காய் இறக்கிவிட்டு
இருநூறு ரூபாய் என்றதும் படியேறி வந்தவள்.
மே மாதம். கரண்ட் இருந்தது, ஏசி இல்லை.
தலைக்கருவியின் நுரைப்பட்டை முழுக்க
முந்தைய ஆறு பேரின் வியர்வை.
"சுட்டணும்க்கா" என்றேன்.
"வெயிலே சுட்டுக்கினுதான்மா கீது" என்றாள்.

செம்பு, பந்து, சாவி,
பூட்டு, மறுபடி பந்து.
பிசகே இல்லை. தராசு பிடித்த கை.
பதினொன்றாவதாக ஒரு சுரைப்பிஞ்சு.
நீட்டிய விரலைச் சட்டென்று மடக்கினாள்.
மடக்கிய கணுவை அதன் பக்கம் காட்டினாள்.
என் திரையில்: தேர்வு இல்லை.
மறுபடி மடக்கினாள்.
தேர்வு இல்லை.

"விரல நீட்டணும்க்கா."
"பிஞ்சும்மா அது. நீட்டிக் காட்னா வெம்பிப் பூடும்."
"நெஜமில்லக்கா."
"நெஜமில்லன்னா எதுக்கு
சொணையெல்லாம் பதனமா வெச்சிக்கீற?"

அந்தச் சுணைக்கு மட்டும்
ஒரு வாரம் செலவழித்திருந்தேன்.

பதினாறு முறை பிஞ்சு வந்தது.
பதினாறு முறையும் மடக்கினாள்.
கருவியைக் கழற்றி, முகத்தை முந்தானையில் துடைத்து,
பணத்தை எண்ணிப் பார்த்து இறங்கினாள்.
பிறழ்ந்த தரவு, ஏழை நீக்கு என்றார் எபனேசர் சார்.
எண்ணைத்தான் சொன்னார்.

இரவு நான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளியில் படித்தது:
அ என்றால் தூரம். இ என்றால் பக்கம்.
இரண்டுக்கும் நடுவில் உ.
அவன் இருக்கிறான், இவன் இருக்கிறான்,
உவனைச் சத்துவாச்சாரியில் யாரும் பார்த்ததில்லை.
தேர்வுக்கு மட்டும் வருவான், இரண்டு மதிப்பெண்ணுக்கு.
என் அறையிலும் அப்படித்தான்.
கதிர் முதலில் முட்டுவது இது,
அதன் முதுகில் ஒளிந்துகொண்டது அது.
காட்டவும் வேண்டும், கை நீளவும் கூடாது
என்று நடுவில் ஒன்று இருக்குமென
நான் இடம் விடவில்லை.

கதிரை நகத்திலிருந்து பிடுங்கி
மடக்கிய கணுவில் நட்டேன்.
பதினோரு வரி நிரல்.
பத்தேகாலுக்குச் சரக்கு ரயில் வந்தது.
வடிகட்டியை நிறுத்தியிருந்தேன்.
கதவு, தண்ணீர்க் குடுவை, நாற்காலி எல்லாம் நடுங்க
கதிர் பிஞ்சின் மேலேயே நின்றது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது.
ஏழை நீக்கவில்லை.
அட்டவணையில் அவள் பெயருக்கு நேராகப்
புதிய பத்தி ஒன்றைத் திறந்து
தலைப்பு தோன்றாமல் உ என்று போட்டேன்.
பிள்ளையார் சுழியா என்றார் எபனேசர் சார்.

திங்கட்கிழமை மெஸ் வாசலில் கூடை இறக்கும்போது
நாகபூஷணி கேட்டாள்:
"அந்தப் பிஞ்சு என்னாச்சி?"
"அப்டியேதான்க்கா இருக்கு."
"பாத்தியா" என்றாள்.

உண்மைதான். வெம்பவில்லை.
காய்க்கவும் இல்லை.
வளரும்படி நான் எழுதவில்லை.